தட்டினால் வேண்டாம்

எங்கள் மேல்வீட்டு ஹாரன் அக்காவைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அந்த உரிமை எனக்கு மட்டும்தான். அதை நான் தூக்கத்தைத் தொலைத்துச் சம்பாதித்திருக்கிறேன்.

அக்கா ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர், ஆள் குள்ளம், குரல் பெரிசு. தெருவில் குறுக்கே நிற்கும் வண்டியை நகர்த்த அவர் ஹாரனைத் தொடவே மாட்டார். ஜன்னலைத் திறந்து ஒரு வார்த்தை பேசுவார், வண்டி தானாக நகர்ந்துவிடும். பெயர் வந்தது அப்படித்தான். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டால் மாலைவரை அவருக்கு வேலை கிடையாது. நான் பேக்கரியில் மாவு பிசைகிறவன். ஊர் எழுந்திருக்கும் முன்னால் போய், மதியம் திரும்பி வந்து சாப்பிட்டுவிட்டுப் படுப்பவன். அவருக்கு ஓய்வு கிடைக்கும் நேரமும் எனக்குத் தூக்கம் வரும் நேரமும் ஒன்றாக அமைந்தது யார் செய்த பாவமோ தெரியவில்லை.

ஓய்வில் சும்மா இருப்பாரா? போர்வை தைப்பார். தையல் கடைகளில் மிஞ்சும் துண்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட்டு, அடியில் ஒரு முழுத்துணி, நடுவில் பஞ்சு வைத்து, மூன்றையும் சேர்த்து வரி வரியாகத் தையல் ஓட்டுவார். எல்லாம் பஸ்ஸுக்குத்தான். அந்தப் பஸ்ஸில் ஹீட்டர் செத்துப் பல வருஷம் ஆகிறது. குளிர்காலத்தில் முதல் நிறுத்தத்தில் ஏறும் பொடிசுகள், பள்ளி வரும்வரை பற்கள் தந்தியடிக்க உட்கார்ந்திருக்கும். சீட்டுக்கு ஒரு போர்வை என்பது அக்காவின் கணக்கு. முன்பக்கச் சீட்டுகளுக்கு முடிந்திருந்தது. பின்பக்கம் பாக்கி.

நல்ல காரியம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மெஷின் இருக்கிறதே! புதுசு, பிளாஸ்டிக் உடம்பு, ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். மெல்லிய துணி தைக்கச் செய்த மெஷினில் பஞ்சுப் போர்வையைத் திணித்தால் அது என்ன செய்யும்? குதித்தது. மேஜையும் கூடவே குதித்தது. அதற்கு நேர் கீழே என் கட்டில். துடைப்பக் கட்டையால் சீலிங்கில் தட்டுவேன். மேலிருந்து "சரி தம்பி" என்று குரல் வரும். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆரம்பிக்கும்.

ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் மாவுக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டு முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வந்த ஆத்திரத்தில் நேரே வீட்டு ஓனரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் அக்காவைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ புகார் வந்துச்சுன்னா மெஷின் வெளிய போகணும், இல்ல நீங்க வீட்டக் காலி பண்ணணும்" என்றாராம்.

மறுநாள் அக்கா படியிறங்கி வந்தார். சண்டைதான் என்று நானும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். அவரோ வந்து பதவிசாக உட்கார்ந்தார்.

"தம்பி, மெஷின மாத்தப் போறேன். பழைய காலத்து இரும்பு மெஷின். கனமா இருக்கும், குதிக்காது. ஆனா சத்தம் கீழ எப்படிக் கேக்கும்னு எனக்குத் தெரியாது. காது உங்களோடது. கூட வந்து நீங்களே சொல்லிடுங்க."

"எனக்கு மெஷினப் பத்தி ஒண்ணும் தெரியாதேக்கா."

"தெரிய வேணாம். கீழ படுத்திருந்தாப் போதும்."

"அது இவருக்குக் கைவந்த கலை" என்றாள் என் மனைவி. புகார் கொடுத்ததிலிருந்து அவள் எனக்குப் பரிமாறும்போதெல்லாம் தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்துக்கொண்டிருந்தாள்.

பழைய சாமான் கடையில் கட்டில், பீரோ எல்லாம் கீழே. தையல் மெஷின்கள் மாடியில், மரத்தளத்தின்மேல் வரிசையாக நின்றன. இதைவிடத் தோதான இடம் கிடைக்காது என்று அக்கா சொல்லிவிட்டார். விற்பனைக்கிருந்த ஒரு கட்டிலில் என்னைப் படுக்கச் சொல்லி, கையில் ஒரு திரைச்சீலைக் கம்பியைக் கொடுத்தார்.

"தட்டினா வேண்டாம். தட்டலைன்னா அந்த மெஷின் சரின்னு அர்த்தம். புரிஞ்சுதா?"

முதல் மெஷின் கடகடவென்று தலையில் இறங்கியது. தட்டினேன். சட்டென்று நின்றது. அடுத்தது கீச்சென்று இழுத்தது. தட்டினேன். அதுவும் நின்றது. என் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. இன்னும் பத்து மெஷின் வந்தாலும் தட்டத் தயாராக இருந்தேன். ஆனால் கட்டிலில் போட்டிருந்தது நல்ல இலவம்பஞ்சு மெத்தை, நானோ வேலை முடிந்து நேராக வந்தவன்.

கண் விழித்தபோது அக்காவும் கடைக்காரரும் குனிந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, எந்த மெஷினுக்குத் தூங்கினீங்க?"

நான் இரண்டாவது தடவை தட்டியபின் அக்கா மூன்று மெஷின்களை ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஒன்றுக்கும் தட்டு வரவில்லை. மூன்றுமே சரியென்று சந்தோஷமாக இறங்கி வந்தவருக்கு என் குறட்டை கேட்டிருக்கிறது.

"அப்ப மூணையும் எடுத்துக்கங்கம்மா" என்றார் கடைக்காரர்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அக்கா குடியிருக்கும் வீடே என் காதை நம்பி நிற்கிறது, நான் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியிருக்கிறேன். "இன்னொரு தடவ ஓட்டுங்கக்கா, நின்னுக்கிட்டே கேக்குறேன்" என்றேன். அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். பள்ளி விடும் நேரம் நெருங்கியிருந்தது.

"இனி காத நம்பிப் பிரயோஜனம் இல்ல. கையத்தான் நம்பணும்" என்று மாடியேறினார். நானும் பின்னால் போனேன்.

கடைக்காரர் முதலில் முன்னால் தள்ளி வைத்தது உடம்பெல்லாம் தங்கக் கொடி வரைந்த மெஷின். கைக்குட்டை ஒன்றில் அழகாகத் தைத்துக் காட்டினார். அக்கா அதைக் கண்டுகொள்ளாமல் தன் பையிலிருந்து போர்வைத் துண்டு ஒன்றை எடுத்தார், நாலு சதுரங்களின் மூலைகள் கூடி முடிச்சுப் போலத் தடித்திருந்த துண்டு. மெஷின் அதிலும் நன்றாகத்தான் தைத்தது. அடிப்பலகையை நகர்த்திப் பார்த்தால் உள்ளே அடிநூல் சுற்றும் பாபின், இந்தக் காலத்தது போல வட்டமாக இல்லாமல், குச்சி மாதிரி நீளமாக இருந்தது.

"இது இப்ப எங்க கிடைக்கும்?"

"தேடினா கிடைக்கும்மா."

"யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு அலையச் சொல்றீங்க" என்று அக்கா நகர்ந்துவிட்டார்.

இரண்டாவது, மோட்டார் வைத்தது. ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்த்தார். "போர்வையச் சுருட்டி இதுக்குள்ள விட்டுத்தான் தைக்கணும். இதுல தலையணை உறைதான் போகும்."

மூன்றாவது மெஷினைப் பார்த்ததும் எனக்கு முகம் சுருங்கியது. பெயின்ட் உரிந்து, மிதிகட்டை தேய்ந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் தூணுக்கு இந்தப் பக்கம் தாராளமாக இடம். அக்கா துணியை அமுக்கும் பாதத்தின் திருகைக் கொஞ்சம் தளர்த்தினார், துண்டை வைத்தார், மிதித்தார். தடித்த மூலை வந்ததும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மெஷின் அதை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் ஏறி இறங்கிப் போனது. அக்கா துணியைத் திருப்பி அடிப்பக்கத் தையலை விரலால் தடவினார்.

"இதுதான்."

கடைக்காரர் முகம் வாடியது, தங்கக் கொடிக்கு ஆள் கிடைக்கவில்லையே என்று. அன்று மாலை பஸ்ஸின் பின்சீட்டில் பிள்ளைகளோடு பிள்ளையாக, மெஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நானும் வந்தேன்.

மறுநாள் மதியம் படுத்தேன். காதைக் கூர்மையாக்கிக்கொண்டு காத்திருந்தேன். கேட்டுத் தொலைக்கக் கூடாதே என்று நானே வேண்டிக்கொண்டேன். மேலே ஒரு சத்தமும் இல்லை. புரண்டு படுத்தேன். அப்போதும் இல்லை. இதென்ன வம்பு என்று எழுந்து மாடிக்குப் போனேன்.

மெஷினுக்கு முன்னால் அக்கா மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி தைத்த போர்வை ஊசிக்குக் கீழே தயாராக இருந்தது.

"என்னக்கா, தைக்கலையா?"

"நீங்க தூங்கினதும் தைக்கலாம்னு இருக்கேன்."

"நீங்க தைக்க ஆரம்பிச்சாத்தான் எனக்குத் தூக்கமே வரும்போல."

அவர் சிரிக்கவில்லை. "பயமா இருக்கு தம்பி. கீழ கேட்டுச்சுன்னா நான் எங்க போவேன்?" என்றார். அந்தக் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதே இல்லை.

"மிதிங்கக்கா. நான் இங்கயே உக்காந்து கேக்குறேன். பக்கத்துல தாங்கினா கீழ தாங்காதா?"

துணி மூட்டையில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். அக்கா மிதித்தார். எங்கள் பேக்கரியில் மாவு பிசையும் மெஷின் நிதானமாகச் சுற்றும்போது வருமே, அதே சத்தம். எனக்குப் பழகிய சத்தம்.

அப்புறம் நடந்தது மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். விவகாரம் என்ன ஆயிற்று என்று பார்க்க ஓனர் வந்திருக்கிறார். புகார் கொடுத்தவர் என்ன சொல்கிறார் என்று கேட்டிருக்கிறார். மனைவி அவரை மாடிக்குக் கூட்டிப்போய், ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த என்னைக் காட்டியிருக்கிறாள்.

ஓனர் கொஞ்ச நேரம் நின்று கேட்டாராம். "மெஷின் பரவாயில்ல. இந்தக் கொறட்டைக்கு இதுவரைக்கும் யாரும் புகார் குடுக்கலையா?"

"குடுத்தா யாரக் காலி பண்ணச் சொல்வீங்க?" என்றாளாம் மனைவி.

நான் எழுந்தபோது என் தோள்வரை ஒரு போர்வை கிடந்தது. கதகதப்பாக இருந்தது. அதன் மறுமுனை இன்னும் மெஷினில், ஊசிக்குக் கீழே இருந்தது. விலக்கிவிட்டு எழப் போனேன்.

"அசையாதீங்க தம்பி" என்றார் அக்கா, தன் பழைய பெரிய குரலில். "இன்னும் ரெண்டு வரி இருக்கு."

நான் மறுபடி படுத்துக்கொண்டேன்.