அடுப்பில்லாமல் வெந்த மீன்

எங்கள் வீட்டில் இட்லிப் பானையை நான் தொடக் கூடாது. சட்டம் போட்டவள் என் மனைவி. வருஷங்கள் ஓடிவிட்டன, கருணை மனு இன்னும் அவளிடம் நிலுவையில் இருக்கிறது. இத்தனைக்கும் நான் செய்தது ஒரு உயிரைக் காப்பாற்றும் முயற்சி.

வளைகுடா நாட்டு ஓட்டல் ஒன்றில் சலவைப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில், அறையில் கீழ்க்கட்டில் எனக்கு, மேல்கட்டில் ஒரு பிலிப்பைன்ஸ்காரனுக்கு. எனக்குக் காய்ச்சல் வந்தபோது இஞ்சி தட்டிப் போட்டுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவன் அவன். பதிலுக்கு நான் அவனுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தேன். ‘அக்கா’, ‘போடா டேய்’, ‘கம்மி’, ‘ஜாஸ்தி’. இந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் குடும்பமே நடத்தலாம் என்று உத்தரவாதமும் கொடுத்திருந்தேன்.

நான் வேலையை விட்டு ஊரோடு வந்து சில வருஷம் கழித்து அவனுக்கும் ஒப்பந்தம் முடிந்தது. ஊர் திரும்பும் வழியில் சென்னையில் இறங்கி, வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். வந்ததும் ஒரு உதவி கேட்டான். அவன் அப்பா மீன் பிடிப்பவர். படகிலேயே பச்சை மீனைத் துண்டு போட்டு, தென்னங்கள்ளில் செய்த வினிகரிலும் எலுமிச்சைச் சாற்றிலும் ஊறவைத்துக் கொடுப்பாராம். கினிலாவ் என்று பெயர். அப்பா இறந்தபோது இவனுக்கு லீவு கிடைக்கவில்லை. இப்போது போய் இறங்கியதும் அப்பாவின் நினைவுநாள் வருகிறது, மூத்த மகன் தன் கையால் அதைச் செய்து பரிமாற வேண்டும், அம்மா காத்திருக்கிறாள். அவனோ பார்த்திருக்கிறானே தவிர ஒரு தடவைகூடச் செய்ததில்லை. இங்கே ஒத்திகை பார்த்துக்கொள்ளலாமா என்றான்.

“தாராளமா!” என்றேன். வாய் என்னுடையது, வயிறு யாருடையதோ என்கிற நினைப்பு.

அப்பா செய்த மீனின் படத்தை வரைந்து காட்டினான். சாட்சாத் வஞ்சிரம். ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு பாண்டிக்குப் போய், படகிலிருந்து இறங்கிய மீனை வாங்கி, ஐஸ் நிரப்பிய தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

“இன்னாங்க டப்பாவுல?” பக்கத்து சீட்டு அம்மா கேட்டார்.

“மருந்துங்க. ஜில்லுனு இருக்கணும்.”

செஞ்சி தாண்டியதும் மருந்து தன் சுயரூபத்தைக் காட்டியது.

“மீன் நாத்தம் அடிக்குதே?”

“மீன் எண்ணெய்ல செஞ்ச மருந்துங்க.”

“யாருக்கு?”

“எனக்குத்தாங்க. தைரியம் கம்மியா இருக்குது.”

கீழ்பென்னாத்தூரில் இறங்கும்போது அந்த அம்மா பெட்டியை ஒரு முறை முகர்ந்துவிட்டு, “ரெண்டு வேளையும் குடிங்க, ஜாஸ்தியாவே குடிங்க” என்று ஆசீர்வதித்துப் போனார்.

நண்பன் நடுமீனை முள் நீக்கி, சோழி அளவுக்குத் துண்டு போட்டான். வினிகரில் ஒரு முறை அலசிப் பிழிந்தான். பிறகு எலுமிச்சைச் சாறு, இஞ்சி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. கண்ணாடி மாதிரி இருந்த சதை ஓரத்திலிருந்து வெளுக்க ஆரம்பித்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான், பரீட்சை ரிசல்ட் பார்ப்பவனைப் போல.

“எப்போ அடுப்பு பத்த வெக்கிறது?” என்றேன், தெரியாதவன் மாதிரி.

மனைவிக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. “எலுமிச்சங்கா ஊறுகாய அடுப்புலயா வேக வெக்கிறோம்? உப்புலயும் புளிப்புலயும் தானா வேகுதில்ல? கம்முனு இருங்க.”

“அது காய். இது நீச்சலடிச்சது.”

“நீங்ககூடத்தான் நடமாடுறீங்க. கட்டிக்கின நாள்ல இருந்து உங்கள நான் ஊற வெச்சிக்கினுதானே இருக்கேன்? இன்னும் பதம் வர்ல.”

நண்பனுக்கு மொழி புரியாவிட்டாலும் யார் தோற்றது என்பது புரிந்தது. சிரித்தான்.

பாத்திரத்தை மூடிவிட்டு அவன் குளிக்கப் போனான். மனைவி மாடியில் காயும் துணியை எடுக்கப் போனாள். நானும் மீனும் தனியாக இருந்தோம். அந்த மீன் என்னையே பார்ப்பது போல இருந்தது, தலை இல்லாவிட்டாலும். என் வீட்டுச் சாப்பாட்டில் ஒரு வெளிநாட்டான் மண்டையைப் போட்டால் என்ன ஆகும்? கலெக்டர் ஆபீஸ் கூப்பிடு தூரம். என்னைப் பிடிக்க ஜீப்கூட வேண்டாம், வாசலில் நின்று கைதட்டினால் போதும். அவன் அம்மாவுக்கு யார் போன் செய்வது? எந்த மொழியில்? ‘போடா டேய்’ தவிர அந்தக் குடும்பத்துக்கும் எனக்கும் பொது வார்த்தை ஏது?

என் கை தானாக இட்லிப் பானையை எடுத்தது. தட்டில் துணி விரித்து, மீன் துண்டுகளை வரிசையாக அடுக்கி, ஒரு ஆவி விட்டு இறக்கி, மறுபடி அதே சாற்றில் போட்டு மூடிவிட்டேன். உலகத்தைக் காப்பாற்றிய களைப்பு.

சாப்பிட உட்கார்ந்தோம். கடைசியாகக் கொஞ்சம் தேங்காய்ப்பால் ஊற்றி, நண்பன் முதல் துண்டை எடுத்து மென்றான். அவர்கள் ஊரில் ‘ஆமாம்’ என்பதற்கு வாயைத் திறக்க மாட்டார்கள், இரண்டு புருவத்தையும் தூக்குவார்கள். அறையில் இருந்தபோது அந்தப் புருவத்தை நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். இப்போது அது அசையவில்லை. இரண்டாவது துண்டையும் மென்றான். பிறகு கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, அப்பாவின் கை தனக்கு வரவில்லை என்று இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னான். ஊரில் அம்மா முன்னால் எப்படி நிற்பேன் என்றான்.

நான் தண்ணீர் எடுக்கும் சாக்கில் எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தேன்.

மனைவி ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். “இன்னாங்க இது, மீன் மேல துணி வரி விழுந்திருக்குது?”

அடுப்படிக்குப் போனாள். பானை மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

“அடப் பாவி மனுசா! என் இட்லிப் பானையில மீனா?”

நண்பனிடம் எதையும் மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் வரவில்லை. அவள் ஒரு கையில் மீன் நாற்றத்தோடு பானைத் துணியையும் மறு கையில் என் சட்டைக் காலரையும் பிடித்து வந்து நிறுத்தினாள். அவன் துணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “போடா டேய்!” என்றான். நான் சொல்லிக்கொடுத்த தமிழ் அவ்வளவு சுத்தமாக வந்து நான் கேட்டதே இல்லை.

குழம்புக்கென்று அவள் ஐஸ் பெட்டியில் ஒதுக்கியிருந்த வால் பக்கத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள், கத்தியையும். என்னை அடுப்படி வாசலுக்கு வெளியே நிற்க வைத்தார்கள்.

இரண்டாவது முறை அவன் அவசரப்படவில்லை. மீன் வெளுத்தது. எலுமிச்சையைக் காட்டி, “அக்கா, கம்மியா?” என்று கேட்டு ஒரு துண்டை நீட்டினான். அவள் யோசிக்காமல் வாயில் போட்டுக்கொண்டு, “உப்புதான் கம்மி” என்று உப்பு ஜாடியை நகர்த்தினாள். உப்பு போட்டான். தானும் ஒரு துண்டு எடுத்து மென்றான். இரண்டு புருவமும் ஏறின. ஏறியவை வெகுநேரம் இறங்கவில்லை. மீதிச் சாற்றைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்துவிட்டு, அப்பா இப்படித்தான் குடிப்பார் என்று சொல்லி, முகம் கழுவ எழுந்து போனான்.

பானையில் வெந்த மீனை வீணாக்கக் கூடாது என்று அது முழுவதும் என் தட்டுக்கு வந்தது.

மறுநாள் காலை பச்சை மீன் தின்ற இரண்டு பேரும் தெம்பாக இருந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தவன் நான் ஒருவன்தான். நண்பன் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் இஞ்சி தட்டிப் போட்டுக் கஞ்சி காய்ச்சினான். மனைவி அதைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள்.

“இது வெந்ததுதாங்க. சந்தேகமா இருந்தா சொல்லுங்க, பானை வேணா எடுத்தாரேன்.”