நாலரை அடித் தரை

என் மனைவி முதல் பிரசவத்துக்குத் தாய் வீடு போனபோது இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அவள் பிறந்த வீடு சேலத்தில், சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில். சிமெண்டுத் தரை போட்ட வீடு. எங்கள் வீடு இராசிபுரத்தில், வாய்க்காலுக்குப் பக்கம். முன்னால் நான் நெய்யும் தறிக்குழி, பின்னால் ஒரே ஓர் அறை. மழைக்காலத்தில் அந்த அறையின் மண்தரையில் நடந்தால் கால்தடம் பதியும்.

பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆனதும் கூட்டிவரப் போனேன். மாமியார் என் எதிரில் வந்து பேசமாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று, மகளிடம் பேசுவதுபோல எனக்குச் சொல்வார்.

"கேளு சாமி, பச்சப்புள்ளைய அந்த ஈரத்துல கொண்டுபோயிப் போடறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். தரைக்குச் சிமெண்டு போடச் சொல்லு. அப்பறம் வந்து கூட்டிக்கிட்டுப் போகட்டும்."

"சரிங்க" என்று கதவிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்போது சிமெண்டு கடையில் கிடைக்காது. தாலுகா ஆபீஸில் எழுதிக் கொடுத்து பர்மிட் வாங்க வேண்டும். ஒருமுறை வாங்கினால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஐந்தாவது வரை படித்தவன் என்பதால் கணக்கை நானே போட்டேன். அறை பன்னிரண்டு அடி நீளம், ஒன்பது அடி அகலம். பக்கத்துத் தெருவில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரைக் கேட்டேன். நூறு சதுர அடிக்கு ஒரு மூட்டை ஆகும் என்றார். எனக்கு நூற்றெட்டு வந்தது. தறிக்குப் பாவு நூல் ஓட்டும்போது முனைக்குக் கொஞ்சம் கூடுதலாக விடுவோமே, அதுபோல இரண்டு மூட்டை என்று எழுதினேன்.

"ரெண்டு போதுமாய்யா? வர்றவனெல்லாம் பத்து, இருபதுன்னு கேக்கறான்" என்றார் குமாஸ்தா.

"போதுமுங்க."

"அப்பறம் வந்து என் தலைய உருட்டக்கூடாது."

பேராசை இல்லாதவன் என்ற நினைப்பில் நிமிர்ந்து நடந்து வந்தேன்.

மூட்டைகள் வந்த அன்று கொத்தனாரும் வந்தார். அறையைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார்.

"மிச்ச மூட்டை எங்கீங்க?"

"இவ்வளவுதானுங்க."

"நான் சொன்னது இருக்கிற தரைமேல பூசறதுக்குங்க. அரை அங்குலம். இது வெறும் மண்ணு. ஜல்லி கலந்து மூணு அங்குலத்துக்குக் கொட்டோணும். ஈரம் ஏறாம இருக்கோணும்னா கலவை கெட்டியா வேணும். அஞ்சு மூட்டையில்லாம ஆகாது. கனம் எவ்வளவுன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே?"

நீளமும் அகலமும் நான் தினமும் அளப்பவைதான். துணியின் கனத்தை யாரும் அளப்பதில்லை, விரலால் தடவிப் பார்ப்பதோடு சரி. தரைக்குக் கனம் ஒன்று உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"பூராவும் மெலிசாப் போட்டா வெடிச்சுப் போயிரும். கொஞ்ச எடமா இருந்தாலும் கனமாப் போட்டுக்கலாமுங்க" என்றார். ஒன்பதடிச் சுவரோரமாக நாலரை அடி அகலத்துக்கு வந்தது. அதோடு சிமெண்டு தீர்ந்தது. மீதி மண்.

காலிச் சாக்குகளை நனைத்து அதன்மேல் விரித்து, ஏழு நாள் தண்ணீர் ஊற்றினேன். மாடத்தில் அவள் விட்டுப்போன சீப்பு இருந்தது. அதில் இரண்டு முடி சிக்கியிருந்தது. தண்ணீர் ஊற்றப் போகும்போதெல்லாம் பார்ப்பேன், எடுக்கமாட்டேன்.

எட்டாம் நாள் ஊடை நூலில் நாலரை அடி வெட்டி மடியில் வைத்துக்கொண்டு, பெட்ரோல் கிடைக்காததால் கரியில் ஓடிய பஸ்ஸில் சூரமங்கலம் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் வரவில்லை. நூலை எடுத்து மனைவியிடம் நீட்டினேன்.

"என்னுங்க இது?"

"தரை. இவ்வளவுதான் ஆச்சு."

கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. "எத்தனை மூட்டை வாங்குனாராம், கேளு சாமி."

"ரெண்டுங்க."

"ரெண்டு மூட்டையில வூடே கட்டிப்போடலாம்னு நெனச்சுட்டாராட்டம் இருக்குது!"

நான் குனிந்து என் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி நூலின் ஒரு முனையைச் சுவரோரம் வைத்தாள். தூங்கும் குழந்தையைத் தாண்டி நீட்டினாள். பிறகு குழந்தைக்குப் பக்கத்தில் தானும் படுத்தாள். நூல் அவள் தோளையும் தாண்டிக் கிடந்தது.

"புள்ளைக்கு ஆச்சு. எனக்கும் ஆச்சு" என்றாள். மிச்ச நூலைக் கையால் தடவிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "ஒரு ஆளு ஒருக்களிச்சுப் படுக்கலாமுங்க" என்றாள்.

கதவுக்குப் பின்னால் காலண்டர் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"புதன்கிழமை நல்ல நாளாட்டம் இருக்குது. வரச் சொல்லு சாமி."

யுத்தம் முடிந்து வெகுநாள் கழித்து மீதி இடத்துக்கும் சிமெண்டு போட்டோம். பழையதும் புதியதும் சேரும் இடத்தில் ஒரு கோடு மட்டும் மறையவில்லை.

அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டாவது பிரசவம். பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று மனைவி குமாரபாளையத்துக்கு மகள் வீட்டுக்குப் போய் ஒன்றரை மாதம் ஆகிறது. அறை முழுவதும் எனக்குத்தான். மத்தியானம் தறியை நிறுத்திவிட்டு வந்தால், கோட்டுக்கு உட்புறமாக, பழைய தரையில், சுவரைப் பார்த்து ஒருக்களித்தே படுக்கிறேன்.

நேற்று மனைவிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எப்போது வருகிறாய் என்று எழுத இந்த வயதிலும் கூச்சமாக இருந்தது. மழை பெய்கிறது, தரையில் ஈரம் இல்லை என்று மட்டும் எழுதினேன். பிறகு தறியிலிருந்து நாலரை அடி நூல் வெட்டிச் சுருட்டி உறைக்குள் வைத்து ஒட்டினேன்.