பக்கிள் போட்டபடியே

உள்ளங்கை அகலத்தில் ஒரு தோல் துண்டு. நாயின் கழுத்துப் பட்டையும் வயிற்றுப் பட்டையும் மார்பில் வந்து சேரும் இடத்தில் அது இருக்கும். அதற்காக நான் போட்ட சண்டையைப் பார்த்தவர்கள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் லைனில் உட்கார்ந்து பல வருடம் மேல்தோல் தைத்தவள் நான். வெளிநாட்டு நாய்களுக்கு மார்புப் பட்டை தைக்க ஆர்டர் வந்தபோது, என் தையல் சுத்தமாக இருக்கிறது என்று சாம்பிள் ரூமுக்கு மாற்றினார்கள். அங்கே மாஸ்டரும் மூன்று ஆண்களும், பெண் என்று நான் ஒருத்தியும். பீஸ் கணக்குக் கேட்டு யாரும் தலைக்கு மேல் நின்று கத்தமாட்டார்கள். யோசித்துத் தைக்கலாம். அந்த அறையை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

நிறம் ஒத்துப்போகவில்லை என்று கழித்த பட்டை ஒன்றை மாஸ்டரே என்னிடம் கொடுத்தார். அதை என் நாய்க்குப் போட்டேன். அதற்கு ஒரு பெயர் இருந்தது, இங்கே சொல்லமாட்டேன். மாதனூரில் கம்பெனி பஸ்ஸுக்கு நான் நிற்கும் இடம்வரை தினமும் என் மகளோடு வரும். ஒரு நாள் காலை ஒரு லாரி காதுக்குப் பக்கத்திலேயே ஹாரன் அடித்தது. நாய் மிரண்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு பின்னால் போயிற்று. மகள் கையில் கயிறு இருந்தது, கயிற்றின் முனையில் பட்டை இருந்தது, நாய் இல்லை. ரோட்டில் நடந்ததை எழுத எனக்கு மனமில்லை.

அந்தப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு தையல்கூட விடவில்லை. பக்கிள் போட்டபடியே இருந்தது. அறுந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

அடுத்த மாதம் அதே டிசைன், வேறு நிறம். நான்தான் சாம்பிள் தைத்தேன். அதற்கு சீல் வைத்துவிட்டால் லைனில் அதைப் பார்த்துத்தான் ஆயிரக்கணக்கில் தைப்பார்கள். சீல் வைக்கும் முன் தைத்தவர் சாம்பிளோடு கட்டிய அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். நான் போடவில்லை.

"இன்னாம்மா, கையெழுத்து எங்க?" என்றார் மாஸ்டர்.

"இது கழண்டுக்கும் மாஸ்டர். எங்க வூட்டு நாய் இதுலருந்துதான் போச்சு."

"அது ரிஜெக்ட் பீஸும்மா."

"கலருக்குத்தான ரிஜெக்ட் பண்ணீங்க? நாய்க்கு கலர் இன்னா தெரியும்?"

"மிஷின் பாஸ் பண்ணிடுச்சு. எந்த நாயும் இழுக்காத அளவுக்கு இழுத்துப் பாத்தாச்சு. சும்மா பேஜார் பண்ணாத."

"மிஷின் முன்னாலதான் இழுக்குது. நாய் பின்னாலயும் நடக்கும்."

விஷயம் மேனேஜர்வரை போயிற்று. அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "திங்கக்கிழமைக்குள்ள கையெழுத்து போட்டுடணும். இல்லன்னா லைன்ல போய் உக்காரு" என்றார். சரி, திங்கள்கிழமை பார்த்துக்கொள்வோம் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு நாயை வைத்துச் சோதிக்க எனக்கு நெஞ்சு துணியவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டைக் கேட்டு வாங்கி வந்தேன். எந்த வேலியிலும் நுழைந்து வெளியே போய்விடுகிற திருட்டு ஆடு. பழைய பட்டையை அதற்குப் போட்டு மகளைக் கயிறு பிடிக்கச் சொன்னேன், நான் தரையில் குந்திப் பார்த்தேன். மார்பில் பட்டைகள் சேரும் இடத்தில் விறைப்பான வட்டத் தோல் ஒன்றை ரிவெட் அடித்து வைத்திருந்தோம். ஆடு தலை தாழ்த்திப் பின்வாங்கியதும் அந்த வட்டம் அப்படியே தட்டுப் போல நிமிர்ந்தது. பட்டைகள் தொளதொளத்தன. முதலில் ஒரு கால் வெளியே வந்தது, பிறகு முழு ஆடும்.

நாயின் பட்டையில் கத்தி வைக்க மனம் வரவில்லை, அதே மாதிரி இன்னொன்று தைத்துக்கொண்டேன். அதை இறுக்கிப் பார்த்தேன், ஆடு இருமியது. எலாஸ்டிக் வைத்தேன், இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வட்டத்தையே வெட்டித் தூக்கி எறிந்தேன். ஷூவுக்குள் வைக்கும் மெல்லிய லைனிங் தோலை இரண்டு மடிப்பாக்கி, நடுவில் நைலான் பட்டை கொடுத்து, மெழுகு நூலால் கையிலேயே தைத்தேன். கழுத்துப் பட்டை அதற்குள் வழுக்கிப் போகும். பின்னால் இழுத்தால் இரண்டு விரல் அளவு இறுகும். அதற்கு மேல் இறுகாமல் குறுக்கே ஒரு தடுப்புத் தையல். இழுப்பு நின்றால் தானாகத் தளரும். ஆடு முறுக்கியது, உட்கார்ந்தது, புரண்டது. வெளியே வரவில்லை. நான் அழுதேன். மூன்று நாளில் தைக்க முடிகிற ஒன்றுக்காக என் நாய் போயிருக்கிறதே என்று ஆத்திரம் தாங்கவில்லை.

திங்கள்கிழமை ஆட்டை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கம்பெனி கேட்டில் போய் நின்றேன். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. சத்தம் கேட்டு மேனேஜரும் மாஸ்டரும் வெளியே வந்தார்கள். பழைய பட்டையை ஆட்டுக்கு மாட்டிக் கயிற்றை மாஸ்டர் கையில் கொடுத்தேன். ஆடு நாலு அடி பின்னால் வைத்து, நழுவி, மேனேஜர் ஆசையாக வளர்க்கும் பூந்தொட்டியில் வாய் வைத்தது.

"ஆடும் நாயும் ஒண்ணாம்மா?" என்றார் மாஸ்டர்.

"மிஷின்ல மாட்டுற பிளாஸ்டிக் பொம்மை மட்டும் நாயா மாஸ்டர்?"

என்னுடையதை மாட்டினேன். மாஸ்டர் இழுத்தார். பக்கவாட்டில் இழுத்தார். ஆட்டின் மார்புக்கும் பட்டைக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். வேலை தெரிந்த மனுஷன், பொய் சொல்லவில்லை. "கழலல சார். மூச்சும் அடைக்கல" என்றார்.

மேனேஜர் புதுப் பட்டையின் மார்புப் பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "அந்த வட்டத்த எடுத்துட்டா, அதுல இருந்த லோகோ எங்க போகும்?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த வட்டத்துக்கு வேறு வேலையே இல்லை. ஒரு பெயரை அச்சடிக்கத்தான் அது அங்கே இருந்தது.

"முதுகுல போடுங்க சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இல்ல, லைன்லதான் உக்காரணும்னா உக்கார்றேன். அந்த வட்டத்துக்கு நான் கையெழுத்து போடமாட்டேன்."

லோகோ முதுகுக்குப் போயிற்று. புதுச் சாம்பிளை நானே தைத்து, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சீல் வைத்து அதைச் சாம்பிள் ரூம் சுவரில் மாட்டினார்கள். மறுநாள் நான் பக்கத்திலேயே ஓர் ஆணி அடித்து, என் நாய் விட்டுப்போன பட்டையை மாட்டினேன். அதிலிருந்த மண்ணைத் துடைக்கவில்லை.

பட்டைகளை வாங்கும் வெளிநாட்டு பையர் வரும் நாளில் மேனேஜர் வந்து, "அத எடும்மா" என்றார்.

"எடுக்கமாட்டேன் சார்."

"கேட்டாங்கன்னா நீ இங்கிலீஷ்ல சொல்வியா?"

"எதுக்கு சார் சொல்லணும்? பக்கிள் போட்டபடிதான் இருக்கு, உள்ள நாய் இல்ல. பாத்தாலே தெரியும்."

இன்னும் அங்கேதான் தொங்குகிறது.