அரை டம்ளர் கள்ளு

புளித்த மாவில் இளநீர் கலந்தாற்போல் ஒரு வாசனை... காப்பார் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோட்டம், அதன் முனியாண்டி கோயில், மத்தியான வெயில். இன்றைக்கும் ஆப்பமாவு பொங்கினால் எனக்கு உறுமி மேளம் கேட்கும்.

எண்பதுகளின் தொடக்கம். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டு முன்னறையில் க்ளேர் என்ற பிரெஞ்சுப் பெண் தங்கியிருந்தாள். தன் ஊரில் நாடகம் படித்துவிட்டு, பரதம் கற்க வந்தவள். தகப்பனுக்குத் திராட்சைத் தோட்டம். வைன் இல்லாத சாப்பாட்டு மேசையை எங்கள் வீட்டில்தான் முதன்முதலாகப் பார்த்தாளாம்.

அவளுடைய மாஸ்டர் கண்டிப்பானவர். சலங்கை கட்டிய நாள் முதல் அரங்கேற்றம் வரை மாமிசம் கூடாது, மது கூடாது. கல்யாண வீட்டில் பீர் குடித்த ஒரு மாணவியிடமிருந்து சலங்கையைத் திருப்பி வாங்கியவர். க்ளேருக்கு நான் பொறுப்பு என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கான்வென்டில் சிஸ்டர்மார் வளர்த்த பிள்ளை நான். கொடுத்த வாக்கை மீறிப் பழக்கமில்லை.

அரங்கேற்றம் நெருங்கிய சமயம், என் கணவரோடு ரயில்வேயில் வேலை பார்த்த முனுசாமி தங்கள் தோட்டத்துத் திருவிழாவுக்கு அழைத்தார். க்ளேரையும் கூட்டிக்கொண்டு எங்கள் பழைய காரில் மூவரும் போனோம்.

உறுமி தொடங்கியதுமே க்ளேர் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"ஆன்டி, இது காதுல கேக்கல, வயித்துக்குள்ள கேக்குது!"

பூசாரி கலயத்துக் கள்ளை முதலில் சாமியின் காலடி மண்ணில் ஊற்றினார்.

"எங்க அப்பாவும் முதல் கிளாஸைக் கொடியோட வேர்லதான் ஊத்துவார்," என்று க்ளேர் என் காதில் சொன்னாள்.

பிறகு பூசாரி ஒரு சில்வர் டம்ளரை நிரப்பினார். தூரத்திலிருந்து வந்த விருந்தாளிக்கே முதல் மரியாதை என்று, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"வாங்கிக்க தாயி. சாமி குடிச்சது லா."

அவள் வாங்கவில்லை. என்னைப் பார்த்தாள். மேளமும் நின்றுவிட்டது. முனுசாமியின் முகம் வாடத் தொடங்கியது. மறுத்தால் சாமிக்கும் அழைத்தவர்களுக்கும் அவமதிப்பு. வாங்கினால் சலங்கை போகும்.

எனக்குக் கான்வென்ட் சேப்பல் நினைவுக்கு வந்தது. இந்துப் பிள்ளைகள் நாங்கள் பின் பெஞ்சிலிருந்து பார்க்க, ஃபாதர் கிண்ணத்து வைனை அருந்துவார். அதை யாரும் குடி என்று சொன்னதில்லை.

டம்ளரை நான் வாங்கினேன். பாதியைக் குடித்தேன். மீதியை அவளிடம் கொடுத்தேன்.

"இஞ்சேரும்... நீரா குடிச்சனீர்?" என் கணவர் வெற்றிலை மெல்லுவதையே நிறுத்திவிட்டார்.

"பிரசாதம். பேசாமல் கும்பிடுங்கோ."

க்ளேர் கண்ணை மூடி மெல்லச் சுவைத்தாள். எங்க ஊர்ப் புது வைனும் இப்படித்தான் நாக்கைக் கடிக்கும் என்றாள். மேளம் மறுபடி எழுந்ததும் தோட்டத்துப் பெண்களோடு சேர்ந்து ஆடினாள். மாஸ்டர் சொல்லிக்கொடுத்த அடவு ஒன்றுகூட அதில் இல்லை. அப்படி அவள் சிரித்து வகுப்பில் நான் பார்த்ததுமில்லை.

மறுநாள் காலை நானே அவளை மாஸ்டரிடம் கூட்டிப்போனேன். பிறர் வாயால் அவர் கேட்கக்கூடாது.

"மாஸ்டர், நேற்று கோயிலில் கள்ளு. பாதி நான், பாதி இவள். இவளை நிறுத்துவதென்றால் நானும் இனி உங்கள் படி ஏற மாட்டேன்."

மாஸ்டர் கையிலிருந்த தட்டுக்கழியைக் கீழே வைத்தார்.

"படைச்சதா?"

"படைச்சது."

"அப்புறம் ஏன் நிக்கிறே? சலங்கையக் கட்டு," என்றார் அவளிடம்.

அரங்கேற்றம் நன்றாகவே நடந்தது. என் கணவர் மட்டும் அன்றிலிருந்து என்னை "அரை டம்ளர்" என்றே கூப்பிட்டார். பிள்ளைகள் முன்னாலும், மருமக்கள் முன்னாலும்.

அந்தத் தோட்டம் இப்போது ஒரு தாமான். வரிசை வரிசையாக வீடுகள். நான் இருக்கும் அடுக்குமாடிக் கொண்டோவுக்குக் கீழே சூப்பர்மார்க்கெட்டில் எல்லா நாட்டு வைனும் நிற்கிறது. யாரும் எடுக்கலாம், எவரும் கேட்பதில்லை. இரண்டு கையால் நீட்டிவிட்டு நம் முகத்தையே பார்த்து நிற்கவும் யாருமில்லை.

போன வருடம் க்ளேர் வந்தாள். தலை முழுக்க நரை. அப்பாவின் தோட்டத்து வைன் ஒரு போத்தல் கொண்டுவந்திருந்தாள். திறந்ததும் நேராகப் பால்கனிக்குப் போய், கறிவேப்பிலைத் தொட்டியில் கொஞ்சம் ஊற்றினாள். பிறகு என் சில்வர் டம்ளரை நிரப்பத் தொடங்கினாள்.

"பாதி போதும், பிள்ளை," என்றேன்.

"சரி, அரை டம்ளர்!" என்று சிரித்தாள்.

என் கணவர் காலமான பிறகு அந்தப் பெயரை அன்றுவரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.