ஜல்லிக்கு இடம் விடாத கணக்கு

சில வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதத்தில், உசிலம்பட்டி பக்கம் ஒரு மில்லில் நடந்தது இது. நான் சிவில் இன்ஜினீயர். அந்த மில்லின் டிரான்ஸ்பார்மருக்கு அஸ்திவாரமும், அதன் கீழே எண்ணெய்க் குழியும் வரைந்து கொடுத்தவள் நான்தான். டிரான்ஸ்பார்மருக்குள் நிறைய எண்ணெய் இருக்கும். அது ஒழுகினால் வெளியே போகாமல் பிடித்து வைக்கத்தான் குழி. எண்ணெயில் தீப்பற்றினால் பரவாமல் இருக்க, குழி நிறைய ஜல்லி கொட்டி வைப்போம்.

ஒருநாள் காலையில் மில் மேனேஜர் போன் செய்தார். எண்ணெய் ஒழுகி, குழி நிரம்பி, பக்கத்துச் சோளக்காட்டுக்குள் போய்விட்டதாம். "அம்புட்டு எண்ணெயும் தாங்கும்னு சொன்னீகளேம்மா" என்றார். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி உட்கார்ந்து, கணக்கை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். செக்கானூரணி தாண்டும்போதுதான் உறைத்தது. காலிக் குழிக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன்! ஜல்லி அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழிக்கவே இல்லை. பாதிக்கு மேல் கல்லே இருந்தால் எண்ணெய் எங்கே போகும்? படிக்கிற பிள்ளைகூடச் செய்யாத தப்பு. அப்படியே இறங்கி வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

காட்டுக்காரம்மா முழங்கால்வரை எண்ணெய்ச் சேற்றோடு வரப்பில் நின்றிருந்தார். அவரும் கணவருமாக, கதிர் பிடித்திருந்த சோளத்தைச் சாய்த்து, அந்த மண்ணையே வெட்டி அணை போட்டிருந்தார்கள். எண்ணெய் அதில் முட்டி நின்றது. அணைக்கு அந்தப் பக்கம் கிணறு. அவர்கள் தெருவே குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே, "மழை பேஞ்சு குழி ரொம்பினா நீ என்னத்தா செய்வ? மொதல்ல தண்ணியக் குடி" என்று சொம்பை நீட்டினார்.

நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். முந்தின நாள் பெய்தது வெறும் தூறல் என்று எனக்குத் தெரியும்.

ஒரு வாய்தான் குடித்தேன். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "மழை இல்லக்கா, என் கணக்குத்தான் தப்பு" என்றேன்.

அவர் திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. "அப்பச் சரி பண்ணிட்டுப் போ. நாளைக்கும் நாங்க இந்தத் தண்ணியத்தான குடிக்கணும்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

கெட்டுப்போன மண்ணை அள்ளி, குழியை ஆழப்படுத்தி முடிக்கும்வரை தினமும் போனேன். கிணற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வருடச் சோளம் மட்டும் போனது போனதுதான். கணக்கு தப்பியதைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. பயிரை அழித்து நின்ற நேரத்திலும் எனக்குத் தண்ணீர் கொடுத்தவரிடம் பொய்யாகத் தலையாட்டியதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.