நான் துவைத்த வரைபடம்

சபையாருக்கு ஸ்தோத்திரம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சர்க்காருக்குச் சொந்தமான ஒரு வரைபடத்தை, ஒரு கோடுகூட மிச்சமில்லாமல், நான் சோப்புப் போட்டுத் துவைத்துவிட்டேன்.

அறுபதுகளின் நடுவில், ஒரு ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை அது. கல்யாணமாகிக் கப்பலேறி நான் போர்ட் பிளேருக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மூத்தவள் கைக்குழந்தை. டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் தகரக் கூரை போட்ட வாடகை வீடு. என் வீட்டுக்காரர் செல்லத்துரை, காடுகளை அளந்து படம் போடுகிற ஓர் ஆபிசில் டிரேசராக இருந்தார். சர்வேயர்கள் காட்டில் அளந்து வருவதை ஆபிசில் பென்சிலால் படமாகப் போடுவார்கள். அதன்மேல் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிகிற ஒரு துணியை விரித்து, மையால் நகல் எடுப்பது அவர் வேலை. அந்தத் துணிப் படம்தான் மெயின்லாண்டுக்குப் போகும். எந்தக் காட்டை வெட்டிக் குடியேறுகிறவர்களுக்கு வயலும் மனையும் கொடுப்பது, எந்தக் காட்டைத் தொடாமல் விடுவது என்று அதைப் பார்த்துத்தான் மேலிடத்தில் கையெழுத்துப் போடுவார்கள்.

அவர் வேலை அப்போது தற்காலிகம். மத்திய அந்தமானில் ஒரு பள்ளத்தாக்கின் படத்தை அவரிடம் தனியாக ஒப்படைத்திருந்தார்கள். அது நல்லபடியாகப் போனால் நிரந்தரம், கெட்டுப்போனால் ஊருக்குக் கப்பல். மூன்று வாரமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்து முடித்திருந்தார்.

அந்தத் துணியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் என்னைப் பைத்தியம் என்று நினைப்பீர்கள். அது நல்ல பருத்தித் துணி. மேலே கெட்டியாகக் கஞ்சி ஏற்றி மெருகு போட்டிருப்பார்கள். வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கினால் கஞ்சியோடு மையும் கழன்றுபோய், பூப்போன்ற வெள்ளைத் துணி கையில் வரும். வரையும்போது கெட்டுப்போன துண்டுகளை ஆபிசிலேயே பங்கு போட்டுக்கொள்வார்கள். இவரும் கொண்டுவருவார். துவைக்கும் வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். என் மகள் அந்த வயதில் போட்ட சட்டையெல்லாம் தீவும் கடலுமாக இருந்து வெளுத்த துணிதான்.

திங்கட்கிழமை ஆபிஸ் கூரை ஒழுகியது. படம் நனைந்துவிடுமே என்று இவர் அதைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, தகரப் பெட்டியில், கெட்டுப்போன துண்டுகளின்மேல் பத்திரமாக வைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்குப் பேச்சு என்றால் காசு கொடுக்கிற மாதிரி. மறுநாள் நான் பெட்டியைத் திறந்தேன். பெரிய துணியாகக் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். இரண்டு சட்டையும் ஒரு தொட்டில் விரிப்பும் வரும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டே வெந்நீரில் முக்கினேன்.

மத்தியானம் சாப்பிட வந்தவர் அடுப்பங்கரைக் கொடியில் அதைப் பார்த்தார்.

“என்னட்டி இது?” என்று கேட்டார்.

நான் பெருமையாக விரித்துக் காட்டினேன். அவர் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி அழுது தீர்த்திருப்பேன். சாப்பிடாமல் எழுந்து, மெயின்லாண்டிலிருந்து வந்திருக்கிற அதிகாரி சனிக்கிழமை புறப்படுகிற கப்பலில் இந்தப் படத்தைக் கையோடு கொண்டுபோகப் போகிறார் என்று மட்டும் சொன்னார்.

அன்று நான் செய்த ஜெபத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பரவாயில்லை, சிரியுங்கள். அந்த ஈரத் துணியை மடியில் வைத்துக்கொண்டு, “ஆண்டவரே, மையெல்லாம் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளட்டும்” என்று ஜெபித்தேன். ஒரு கண்ணைத் திறந்து பார்க்கவும் செய்தேன். துணி பளிச்சென்று இருந்தது. அவ்வளவு நன்றாக நான் எதையும் வெளுத்ததில்லை.

பிறகுதான் உண்மையாகவே அழுதேன். என் புத்தியீனத்தால் ஒரு நல்ல மனுஷனுடைய பிழைப்பு போகிறதே, ஊரில் போய் என்ன முகத்தோடு நிற்பார் என்று புலம்பினேன். அற்புதம் வேண்டாம் ஆண்டவரே, நான் என்ன செய்யவேண்டும் என்று மட்டும் காட்டும் என்று கேட்டேன். எழுந்தபோது மனதில் ஒன்றே ஒன்று தெளிவாக இருந்தது. குற்றம் செய்தது நான், போய்ச் சொல்ல வேண்டியதும் நான்.

புதன்கிழமை காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இவரோடு ஆபிசுக்குப் போனேன். படம் வரைகிறவர்களுக்கெல்லாம் தலைவரான டிராஃப்ட்ஸ்மேன் தாஸ் பாபு, வங்காளி, ரொம்பக் கறாரானவர் என்று பெயர். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் நடந்ததைச் சொல்லி, துவைத்த துணியையும் அவர் மேஜையில் வைத்தேன். அவர் துணியைத் தொட்டுப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தம் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே துணி.

“ரோவோ மத், பஹு” என்றார். அழாதே மருமகளே என்று அர்த்தம். தம் வீட்டில் கைக்குட்டை, தலையணை உறை எல்லாமே இதுதான் என்றும், என் சலவை தம் மனைவியின் சலவையைவிட மேல் என்றும் சொன்னார். ஆனால் சனிக்கிழமைக்குள் படம் வேண்டும், அதில் தாம் ஒன்றும் செய்யமுடியாது என்றும் சொல்லிவிட்டார். கடைசியாக இருந்த புதுத் துணிச் சுருளை எடுத்து இவரிடம் நீட்டினார். நீட்டும்போது என்னைப் பார்த்து, இது பெட்டிக்குள் போகக்கூடாது என்றார்.

மூன்று வார வேலைக்கு மூன்று நாள். அதுவும் மழைக்கால வெளிச்சத்தில். ஆபிஸ் ஒழுகுவதால் வீட்டில் வைத்தே வரைய அனுமதி கிடைத்தது. ஜன்னல் ஓரம் பலகையைப் போட்டார். நான் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, அவர் கேட்டதை எடுத்துக்கொடுத்தேன். கப்பல் தாமதமாகட்டும் என்று ஜெபிக்க எனக்கு வாய் வரவில்லை. அதில்தானே ஊருக்கே அரிசி வருகிறது. நாட்களைக் கூட்டிக்கொடும் என்று மட்டும் கேட்டேன். எப்படிக் கூட்டுவது என்பது ஆண்டவர் பாடு.

வியாழக்கிழமை அபர்டீன் பஜாருக்குப் போனேன். கப்பல் செய்தி முதலில் வந்து சேருவது கடைக்காரர்களுக்குத்தான். மளிகைக் கடை காதர் பாய் கவலையாக உட்கார்ந்திருந்தார்.

“கப்பல் இன்னும் மெட்ராஸை விட்டே கிளம்பலைம்மா. கடல் சரியில்லையாம். வெங்காயத்தை மறந்துருங்க, இன்னும் பத்து நாளாகும்” என்றார்.

கடையில் நின்ற பெண்கள் எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். நானும் வைத்தேன். உள்ளே என் ஆத்துமா குதித்துக்கொண்டிருந்தது. அந்த ஆடி முழுக்க வெங்காயம் இல்லாமல் போர்ட் பிளேரே புலம்பியது. நான் ஒருத்திதான் வெங்காயம் இல்லாத குழம்பை ஸ்தோத்திரத்தோடு சாப்பிட்டேன்.

நாள் கிடைத்தது. ஆனால் அடுத்த இடி. பென்சில் படத்தின் கிழக்கு மூலை, கூரை ஒழுகியதில் ஊறி, தாளே நைந்து, கோடுகள் எல்லாம் அழிந்து கிடந்தன. அளந்த சர்வேயரிடம் கேட்கலாம் என்றால், அவர் மலேரியாவில் விழுந்து எப்போதோ மெயின்லாண்டுக்குப் போய்விட்டார். அவருடைய அளவுப் புத்தகத்தை வைத்துத்தான் அந்த மூலையை முதலிலிருந்து போடவேண்டும். காட்டில் நின்றுகொண்டு கிறுக்கிய புத்தகம், ஈரத்தில் உப்பிப்போயிருந்தது. நான் பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெயினிங் முடித்தவள். அந்த இங்கிலீஷ் எழுத்தைப் படிக்க எனக்கு வந்தது. நான் வாசிக்க வாசிக்க அவர் புள்ளி வைத்தார்.

நாற்பத்தொன்றாம் பக்கம் முடிந்து திருப்பினேன். நாற்பத்துநாலு வந்தது.

இரண்டு பக்கம் காணோமே என்றேன். இவர் நான் ஒழுங்காகப் படிக்கவில்லை என்று முறைத்தார். வாங்கிப் பார்த்தார். இரண்டு தாள்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தாளாகியிருந்தன. முதல்முறை பென்சில் படம் போட்டவர்கள் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறார்கள். இழுத்தால் கிழியும். இது அடுப்படி வேலை, என்னிடம் கொடுங்கள் என்று வாங்கி, கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் தூரமாகக் காட்டிக் காட்டி, கொண்டை ஊசியை நுழைத்து மெதுவாகப் பிரித்தேன். ஒரு எழுத்துக்கூடச் சேதமில்லை.

உள்ளே அளவுகளின் ஓரத்தில் சர்வேயர் எழுதியிருந்தார். இங்கே ஓர் ஓடை. கடும் கோடையிலும் தண்ணீர் ஓடுகிறது. இரு கரையிலும் பெரிய படாக் மரங்கள்.

நான் வாசித்து முடித்ததும் இவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் துவைத்த படத்தில் அந்த ஓடை இல்லவே இல்லை. அந்த மூலை வெறும் காடு, வெட்டி மனை போடலாம் என்று குறித்திருந்த இடம். மரங்களை வெட்டிச் சரித்து மண்ணைத் தள்ளியிருந்தால், இரண்டு மழையில் ஓடை தூர்ந்திருக்கும்.

இவர் சொன்னார்: “நீ மட்டும் தொவைக்காம இருந்திருந்தேன்னா, இந்த ஓடை செத்துருக்கும்ட்டி.”

மை திரும்பி வரவேண்டும் என்றல்லவா ஜெபித்தேன்! வந்திருந்தால் அந்தத் தப்பான படமே கப்பல் ஏறியிருக்கும். என் ஜெபத்தைக் கேட்காமல் விட்டதற்காக நான் ஆண்டவரை ஸ்தோத்திரித்தது அன்றுதான் முதல்முறை.

கப்பல் வருவதற்கு முந்தின நாள் படம் முடிந்தது. நேரம் போதாமல், ஊர்ப் பெயர், மலைப் பெயர் எழுத்தையெல்லாம் என்னை எழுதச் சொல்லியிருந்தார். அதிகாரி படத்தைப் பார்த்தார், அளவுப் புத்தகத்தைப் பார்த்தார், மனைகளை மேற்கே தள்ளிப் போடச் சொன்னார். ஓடையின் இரு கரையிலும் காட்டை அப்படியே விடும்படி தம் கையாலேயே பச்சைக் கோடு இழுத்தார். இவர் வேலை நிரந்தரமானது. அதோடு நிற்கவில்லை. எழுத்து யாருடையது என்று தாஸ் பாபு கேட்டார். குழந்தை நடக்கத் தொடங்கியதும் என்னையும் தினக்கூலி டிரேசராக வரச் சொன்னார்கள். பெண்பிள்ளைக்கு ஏன் இந்த வேலை என்று டெய்ரி ஃபார்மில் நாலு பேர் பேசினார்கள். பேசட்டும். இன்று நான் அந்த ஆபிசில் நிரந்தர டிராஃப்ட்ஸ்மேன். அந்தப் பெயரை எப்படிப் பெண்ணாக்குவது என்று இன்னும் யாருக்கும் தெரியவில்லை.

இதை இன்று எழுதக் காரணம் நம் சபைப் பிள்ளைகள். பரீட்சை முடித்துவிட்டு, “அக்கா, வேலைக்காக ஜெபியுங்க” என்று வருகிறார்கள். என்ன வேலை என்றால் கிளார்க் அல்லது டீச்சர், வேறு வாயில் வருவதில்லை. இந்தத் தீவுகளை அளக்க ஆள் வேண்டும் பிள்ளைகளே. அளவுச் சங்கிலி பிடிக்க, படம் வரைய, எந்த மரம் எங்கே நிற்கிறது என்று எழுதிவைக்க, அலையாத்திக் காட்டின் எல்லையைக் காக்க ஆள் வேண்டும். கணக்கு கொஞ்சம் வரவேண்டும், அட்டைக்கடிக்குப் பயப்படக்கூடாது, கை நடுங்கக்கூடாது. மீதியை ஆபிஸ் சொல்லிக்கொடுக்கும். வெட்டுவதற்கு ஆயிரம் கை வரும். விட்டுவைக்க வேண்டியதைக் காகிதத்தில் காட்டுகிற கை குறைவு.

போன மார்ச் மாதம் முதல்முறையாக இவரோடு அந்தப் பள்ளத்தாக்குக்குப் போனேன். மூன்று மாதமாக மழை இல்லை. கிணறுகளில் அடி தெரிந்தது. ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் படாக் மரங்கள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். ஒரு வங்காளிப் பெண் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். இது எப்போதாவது வற்றுமா என்று கேட்டேன். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வற்றியதில்லை அக்கா, பகவான் கொடுத்தது என்றாள். அவள் யார் பெயரைச் சொன்னால் என்ன, சொன்னது சரிதான் என்று எனக்குப்பட்டது. கரையில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

அன்பானவர்களே, உங்கள் கையாலேயே கெட்டுப்போன காரியம் ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள். ஆண்டவர் முன்னால் வையுங்கள். என்ன வேண்டும் என்று நீங்கள் கேட்பது தப்பாகவே இருக்கலாம், என் ஜெபத்தைவிட மோசமாக இருந்துவிடாது. அழவேண்டியதை அழுதுவிட்டு, மறுநாள் காலை எழுந்து, உண்மையைச் சொல்லவேண்டிய ஆளிடம் நடந்து போங்கள். மீதியை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.