வெயிலில் பிடித்துப் பார்த்த எக்ஸ்ரே

எண்பத்தெட்டோ ஒன்பதோ. கூடுவாஞ்சேரியில் ரோட்டோரம் எனக்குப் பஞ்சர் கடை. மகளுக்கு ஐந்து மாதம். பத்து நாளாக இருமல். தாம்பரத்தில் குழந்தை டாக்டர் அம்மாவிடம் காட்டினோம். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். எடுத்துக்கொண்டு வந்தால், அவர் சாப்பிடப் போய்விட்டார். நாலு மணிக்குத்தான் வருவாராம்.

மனைவி குழந்தையோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தாள். நானும் அவள் அண்ணனும் எதிர் டீக்கடைக்குப் போனோம். கவரைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மச்சான் பிரித்தான். ஃபிலிமை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

"மாப்ளே, ஹார்ட்டு வலது பக்கம் கீது!"

"திருப்பிப் புடிப்பா," என்றார் டீ மாஸ்டர்.

திருப்பினான். இடது பக்கம் வந்தது. எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் இதயத்தை ஒட்டி, மேலே, வெள்ளையாக ஒரு முக்கோணம்.

"சமோசா," என்றார் பெஞ்சில் இருந்த வாழைப்பழக்காரர்.

"அஞ்சு மாசக் கொயந்த சமோசா துன்னுமாய்யா?" என்றான் மச்சான்.

"அப்ப ஹார்ட்டு வீங்கினு கீது. எங்க சித்தப்பாவுக்கு இப்டித்தான்," என்றார் மாஸ்டர்.

"அவுரு இப்ப எப்டி கீறாரு?"

மாஸ்டர் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார். டீ ஆற்றினார்.

டியூப்பைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடுகிறவன் நான். நானும் தேடினேன். ஒன்றும் புரியவில்லை. ஆபரேஷன் என்று சொல்லிவிட்டால்? குழந்தையின் நெஞ்சே என் உள்ளங்கை அகலம்தான்.

தங்கச்சியிடம் சொல்லாதே என்றேன். மச்சான் சத்தியம் செய்தான். டீக்கடை செய்யவில்லை. ஒவ்வொருவராக ரோட்டைத் தாண்டிப் போய்க் குழந்தையைப் பார்த்தார்கள். வாழைப்பழக்காரர் ஒரு சீப்புப் பழம் கொடுத்துவிட்டு வந்தார். மனைவி என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னாத்துக்கு எல்லாரும் வந்து உச்சுக் கொட்டிட்டுப் போறாங்க?"

"நல்ல மனுசங்க," என்றேன்.

நாலு மணிக்கு டாக்டர் அம்மா வந்தார். ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டினார். இதயம் மறுபடி வலது பக்கம்.

"திருப்பி மாட்டுங்க டாக்டர்," என்றான் மச்சான்.

"உங்க எதிர்ல நிக்கறவரோட இடது கை உங்களுக்கு எந்தப் பக்கம்?"

மச்சான் என்னைப் பார்த்துத் திரும்பி நின்று, கையைத் தூக்கி யோசித்தான்.

நான் முக்கோணத்தைத் தொட்டுக் காட்டினேன். "ஆபரேஷனா டாக்டர்?"

அவர் சிரித்துவிட்டார். "இது தைமஸ். நெஞ்செலும்புக்குப் பின்னாடி இருக்கற சுரப்பி. கைக்குழந்தைங்களுக்குப் பெருசாத்தான் தெரியும். கிருமியோட சண்டை போடற அணுக்கள் சிலதுக்கு இங்கதான் டிரெய்னிங். நம்ம உடம்பு எது, வெளியாள் எதுன்னு கத்துக்கிட்டு வெளிய போகும். வளர வளர இது சுருங்கிடும். உங்களுக்கும் இருந்தது. இப்ப பாதிக்கு மேல கொழுப்பாயிருக்கும்."

"அவருக்கு உடம்பெல்லாம் அதான் டாக்டர்," என்றாள் மனைவி. நான் மறைத்தது அவளுக்கு அப்போது புரிந்துவிட்டது.

இருமல் வெறும் சளிதானாம். மருந்து எழுதினார். கிளம்பும்போது மனைவி கேட்டாள். "பெருசா கீறது நல்லதா டாக்டர்?"

"இந்த வயசுல பெருசாத்தான்மா இருக்கும். அதுல நல்லது கெட்டது ஒண்ணும் இல்ல."

முதல் பாதிதான் அவள் காதில் விழுந்தது. மறுநாளே ஃபிலிமோடு தெருக்குழாய்க்குப் போனாள். "பாரு, எம்பொண்ணு நெஞ்சுல மிலிட்டரி டிரெய்னிங்கே நடக்குது!" குடங்கள் நிரம்பி வழிந்தன. ஃபிலிமைப் பார்த்ததில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அடுத்த மாதம் தடுப்பூசிக்குப் போனோம். டாக்டர் அம்மா ஊசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்க தெருவுலேர்ந்து நாலு பேர் நல்லா இருக்கற குழந்தைங்களத் தூக்கினு வந்து, எக்ஸ்ரே எடுங்க, தைமஸ் எவ்ளோ பெருசுன்னு பாக்கணும்னு நிக்கறாங்க. யாருய்யா கிளப்பி விட்டது?"

மனைவி ஃபேனைப் பார்த்தாள்.

"தெரியல டாக்டர்," என்றேன்.

ஃபிலிம் அன்றைக்குத் தெருவில் கைமாறிக் கைமாறி மூன்றாவது வீட்டில் இருந்தது.